எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வயது நூறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நிதானமாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் போடுகிறேன்.

நான் 26 வருஷம் வேலை பார்த்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இந்த வருஷம் நூற்றாண்டு. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமம். ஊர்ப் பெயரைப் போடவில்லை. இதில் வருகிற சிலருக்கு அது சங்கடம். 1990ல் இடைநிலை ஆசிரியையாக அங்கே போனேன். நடுவில் மூன்று வருஷம் பதவி உயர்வில் வெளியூர். 2003ல் தலைமையாசிரியராகத் திரும்பி வந்து, 2019ல் அங்கேயே பணி நிறைவு.

விழா மலருக்குப் பள்ளி வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். 1925ல் தாலுகா போர்டு பள்ளியாக ஆரம்பம், பிறகு ஜில்லா போர்டு, 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஒன்றியம், எந்த வருஷம் என்ன கட்டடம், எந்த வருஷம் எந்தத் திட்டம். தேதியெல்லாம் சரி. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களில் சிலரிடம் படித்துக் காட்டினேன். ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். ஒரே கட்டடம், ஒரே மணி, ஒரே புளியமரம்தான். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். மலரில் இடமில்லாமல் சுருக்கிவிட்டார்கள். முழுசாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெற்குத் தெருப் பெரியவர். 84 வயது. அவருடைய அப்பா பண்ணையாள். பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்கப்பன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புலதான் மாடு மேச்சாரு டீச்சரம்மா. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழா ஒப்பிப்பாரு. எல்லாம் காதுல கேட்டதுதான். அந்தத் திண்ணையில ஒரு நாளு ஒக்காந்தது கெடையாது."

நான் எழுதிய முதல் வரி, "1925ல் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்குமாகத் தொடங்கப்பட்டது" என்று இருந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் இதைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்த ஞாபகம் வந்தது. தலைமையாசிரியராக இருந்தபோது பலமுறை புரட்டியிருக்கிறேன். யாராவது பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வருவார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இந்த முறை பள்ளியில் அனுமதி வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தந்தை தொழில் என்ற கட்டத்தில் மிராசு, கணக்கு, கோயில் பூஜை, மளிகை என்றே வருகிறது. போகப் போகக் குத்தகைக்காரர்கள் வருகிறார்கள். தெற்குத் தெருவிலிருந்து முதல் பெயர்கள் வர பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. மூன்று பையன்கள். மூன்று பேரும் ஆறு மாதத்துக்குள் நீக்கம். காரணம், "நீண்ட நாள் வராமை." அதே மாதங்களில் மேலத் தெருப் பிள்ளைகள் சிலரும் நீக்கம். அங்கே காரணம், "பெற்றோர் விருப்பம்."

இரண்டு நீக்கத்துக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பதிவேடு சொல்லாது. ஊர் தெரிந்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசும் உள்ளாட்சியும் நடத்துகிற பள்ளிகளில் ஆதி திராவிடப் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சென்னை அரசு 1919லேயே ஆணை போட்டுவிட்டது. அவர்கள் போக முடியாத இடத்தில் இருக்கும் பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றவும் சொன்னது. 1920ல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஆனால் எங்கள் பள்ளி ஆரம்பித்த இடம் கோயிலை ஒட்டிய சாவடி. அங்கே போகவே தெற்குத் தெருக்காரர்களுக்கு வழி கிடையாது. ஆணை சென்னையிலிருந்து வரலாம், சாவடியைத் தாண்ட வேண்டியது பிள்ளைதானே?

இந்தச் சிக்கலுக்கு அன்றைய அரசு கண்டுபிடித்த இன்னொரு வழி, தனிப் பள்ளிகள். லேபர் கமிஷனர் என்று ஒரு பதவியை ஏற்படுத்தி, அவருக்குக் கீழே ஆதி திராவிடர்களுக்கென்று பள்ளிகள் திறந்தார்கள். கிழவர்கள் இன்றைக்கும் 'லேபர் ஸ்கூல்' என்பார்கள். இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளுக்கு வேர் அங்கேதான். பக்கத்து ஊரில் அப்படி ஒன்று இருந்ததால் எங்கள் ஊர்ச் சிலர் அங்கே நடந்து போய்ப் படித்திருக்கிறார்கள். எங்கள் பெரியவர் 1940களின் கடைசியில் எங்கள் பள்ளியிலேயே சேர்ந்துவிட்டார். அதற்குள் பள்ளி சாவடியை விட்டு இப்போதைய இடத்துக்கு, வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டது. அவர் நாலாவது வரை படித்தார். தண்ணீர்ப் பானையை மட்டும் தொட விடவில்லையாம். "வாத்தியாரு நல்லவருதான். ஊத்திக் குடுப்பாரு. நானா மொண்டு குடிச்சதில்ல" என்றார்.

அடுத்து 1953. அந்த வருஷம் ஜூனில் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நேரம் ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரம். காலையில் பாதிப் பேர், மத்தியானம் பாதிப் பேர். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். எதிர்த்தவர்கள் இதைக் குலக்கல்வி என்றார்கள். பெரியாரும் திராவிட இயக்கமும் போராடியதும், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியதும், 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானதும், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

அந்த ஒரு வருஷம் எங்கள் ஊரில் எப்படி இருந்தது என்று கேட்டேன். பதில்கள் ஒத்துப்போகவில்லை.

மேலத் தெருவில் ஒரு பாட்டி சொன்னார், "அரை நாளு பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா வீட்டுலயே பாடம் சொல்லிக் குடுப்பார். எங்களுக்கு அது பெரிய விஷயமாவே தெரியல." பெரியவர் அப்போது நாலாவது. அவருடைய மீதி நேரம் பண்ணை மாட்டோடு போனது. தொழில் பழகுவது என்றால் அவருக்கு அதுதானே தொழில். அடுத்த வருஷம் முழு நேரப் பள்ளி திரும்பி வந்தபோது அவர் திரும்பவில்லை. மாடு அவர் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

நான் எதிர்பார்க்காதது மூன்றாவது பதில். தெற்குத் தெருவிலேயே இன்னொரு குடும்பம். "அரை நாள்னதாலதான் எங்கய்யா என்னை அனுப்புனாரு. முழு நாளுன்னா கஞ்சிக்கு யாரு சம்பாதிக்கிறது?" ஒரே தெரு, ஒரே வருஷம், ஒரே திட்டம். ஒருவரைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளியது, இன்னொருவரை உள்ளே கொண்டுவந்தது. அதற்காக அந்தத் திட்டம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. தகப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுகிற எதுவும் சரியாக இருக்க முடியாது. பிள்ளையின் கூலியை நம்பி ஒரு வீடு இருக்கும்வரை அந்த வீட்டுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் முழுப் பள்ளிக்கூடம் ஆகாது என்பதைத்தான் அந்த ஐயா சொன்னார்.

அந்தக் கணக்கைத் தொட்டது சோறுதான். 1920லேயே சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகல் உணவு கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிடக் கூடாது என்று அரசு சொன்னதால் 1925ல் நின்றது. எங்கள் பள்ளி பிறந்த வருஷம்! பிறகு 1956ல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி மேசை, நாற்காலி, மணி, கடிகாரம் என்று ஊர்க்காரர்களிடமிருந்தே வாங்கினார். முதல் மாநாடு 1958ல் கடம்பத்தூரில். எங்கள் பள்ளியின் பெரிய மணியும் அப்படி வந்ததுதான், ஒரு மிராசுதார் கொடுத்தது.

1961 முதல் கேர் நிறுவனத்தின் கோதுமை ரவையும் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. 60 வயதைத் தாண்டிய யாரிடமும் பேசுங்கள், அந்த உப்புமாவின் வாசனையைச் சொல்வார்கள். 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊர்ப் பெண்களுக்கு வேலை வந்தது. பதிவேட்டில் "வீட்டு வேலை", "ஆடு மேய்க்க" என்ற நீக்கக் காரணங்கள் குறைவது இந்தக் காலத்தில்தான். பள்ளி ஆசிரியர்களும் 1981 ஜூனில் அரசு ஊழியர்களாகியிருந்தார்கள். ஒன்றிய அலுவலகத்தில் சம்பளத்துக்கு நின்ற காலம் முடிந்தது.

இங்கேயும் இரண்டு அனுபவம் உண்டு. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1992ல் எங்கள் சத்துணவுக் கூடத்துக்குத் தெற்குத் தெருவிலிருந்து ஒரு அம்மா சமையலராக வந்தார். மறுநாளே பதினைந்து இருபது பிள்ளைகள் கையில் டிபன் பாக்ஸ். யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. "பையனுக்கு வயிறு சரியில்ல சார்" என்று ஒரு அப்பா. இருபது பிள்ளைக்கும் ஒரே நாளில் எப்படி வயிறு கெடும்? அப்போதைய தலைமையாசிரியர் பேசவே இல்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். அந்த அம்மா கையால் வாங்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஓய்வு பெறும் வரை தினமும் அப்படித்தான். டிபன் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எல்லாம் போய்விடவில்லை. இரண்டு மூன்று குடும்பம் பிள்ளையையே நிறுத்தி டவுன் பள்ளிக்கு அனுப்பியது. அவர்களைக் கேட்டால் இன்றைக்கும், "அப்ப அங்க படிப்பு சரியில்ல" என்றுதான் சொல்வார்கள்.

டவுன் என்றதும் என் கதைக்கு வந்தாக வேண்டும்.

1990களின் நடுவில் மஞ்சள் வேன் எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்தது. முதலில் கூட்டுறவு சங்கச் செயலாளர் வீட்டுப் பிள்ளை ஏறியது. பிறகு உரக்கடைக்காரர், பிறகு நிலம் இருந்தவர்கள், துபாய்ப் பணம் வந்த வீடுகள். ஆங்கிலம், டை, ஷூ, ஹோம்வொர்க் டைரி. ஜூன் மாதம் நாங்கள் வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போவோம். 1995 ஜூன் என்று நினைக்கிறேன். தெற்குத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அக்காவிடம், "நம்ம பள்ளிக்கூடத்துலயே சேருங்கக்கா, நாங்க நல்லா சொல்லித் தர்றோம்" என்று பேசிக்கொண்டிருந்தேன். நடவுக்குப் போய்விட்டு வந்து காலில் சேறோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒங்க பொண்ணு எங்க டீச்சர் படிக்குது?" என்றார்.

என் மகள் அப்போது டவுனில் ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. "எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம்" என்று முழுங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. பையனைச் சேர்த்தார். "எங்களுக்கு வேற எங்க?" என்று சொல்லிக்கொண்டே கைநாட்டு வைத்தார்.

அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, என் முதுகுக்குப் பின்னால் நாலும் ஐந்தும் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு வகுப்புக்கும் ஏதாவது எழுதக் கொடுத்துவிட்டுத்தான் இவர்களுக்கு நடத்துவேன். மாதத்தில் பல நாள் கணக்கெடுப்பு, பயிற்சி, புள்ளிவிவரம். என் பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டும் என்று நினைத்தேன். இங்கிலீஷ் தெரியாமல் நான் பட்ட அவமானம் அவள் படக்கூடாது என்று நினைத்தேன். என் வேலையில் எனக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் இல்லை. என் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டியது வராது என்று எனக்கு உள்ளேயிருந்து தெரியும். வெளியே இருந்த அந்த அக்காவுக்கும் அது தெரியும். எனக்கு வேறு வழி இருந்தது. அவருக்கு இல்லை.

வேனில் ஏறிய ஒவ்வொரு பிள்ளையோடும் வேறொன்றும் போய்விட்டது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. முன்பு கூரை ஓடு உடைந்தால் சங்கச் செயலாளர் ஒன்றிய ஆணையரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார், வேலை நடக்கும். உரக்கடைக்காரர் சாக்பீஸ் பெட்டிக்கே பணம் கொடுத்திருக்கிறார். அவர்கள் பிள்ளை போனபின் அந்தக் கவலையும் போய்விட்டது. அவர்கள் கெட்டவர்கள் ஆகிவிடவில்லை, பள்ளிப் பக்கம் வரக் காரணம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். மிஞ்சிய பெற்றோர் அதே ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால் வாசலிலேயே, "என்னம்மா வேணும்?" ஒரு மழைக்காலத்தில் இரண்டாம் வகுப்பு ஒழுகிய ஒழுக்கில் பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வைத்தோம். மனு மேல் மனு போட்டும் சரிசெய்ய இரண்டு வருஷம்.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் அம்மாக்கள் கூட்டம். யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள், சமையல் கூடத்தைப் பார்த்தார்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தார்கள். வேனில் பிள்ளையை அனுப்பிய அம்மா ஒருத்தரும் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்து மேலத் தெருவும் தெற்குத் தெருவும் ஒரே பயத்தோடு நின்ற நாள் அதுதான்.

2007–08ல் செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுவதும் வந்தது. 2003ல் சென்னையில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் முயன்று பார்த்தது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டோம். சுவரின் அடியில், பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. பாடமெல்லாம் அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து, முடித்ததும் அடுத்ததுக்குப் போகும். செய்த வேலையைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடும். ரேங்க் கிடையாது.

பெற்றோரில் ஒரு பாதி கொதித்தது. "எம் புள்ள பொழுதுக்கும் பாயில ஒக்காந்து அட்டையை வெச்சு விளையாடுறான். வீட்டுப்பாடம் இல்ல, பரீட்சை இல்ல. இதுக்குப் பேரு பள்ளிக்கூடமா?" இப்படிக் கேட்ட ஒரு அப்பா அந்த வருஷமே கடன் வாங்கி வேனில் ஏற்றிவிட்டார். அதே வருஷம் ஒரு பாட்டி, அம்மா இல்லாத பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருபவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு வருஷமாகப் பள்ளியில் வாயே திறக்காத பெண் அது. பழைய முறையில் நான் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்ளும். பாயில் பக்கத்துப் பிள்ளையோடு அட்டையை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் படிக்க ஆரம்பித்தது. "வீட்டுல கடைப் பேரெல்லாம் படிக்குதும்மா" என்றார் பாட்டி.

யார் சொன்னது சரி? இரண்டும் சரி. மெதுவாகப் போகும் பிள்ளை அந்த முறையில் தொலைந்து போகவில்லை. வேகமாகப் போகும் பிள்ளை, நான் மற்றவர்களோடு இருந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய், திடீரென்று மூன்று மணி நேரப் பரீட்சை எழுதச் சொன்னபோது சில பிள்ளைகள் திணறின. அந்த அப்பாவை நான் அன்றைக்கு விவரம் தெரியாதவர் என்று நினைத்தேன். அவர் என்னிடம் விளக்கம் கேட்டார், நான் சுற்றறிக்கையைக் காட்டினேன். தப்பு என்னுடையது.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்தது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் என்பது நடைமுறைக்கு வந்ததும், மிச்சமிருந்தவர்களிலும் விவரமானவர்கள் விண்ணப்பம் போட்டார்கள். அரசுப் பள்ளியிலும் ஆங்கிலவழிப் பிரிவு வந்தது. நான் ஓய்வு பெறும் வருஷம் எங்கள் பள்ளியில் 19 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஆளில்லாத பள்ளிகள் நூலகமாகப் போகின்றன என்ற செய்தியைப் படித்துவிட்டு அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. நூறு வயதை எட்டாமலே போய்விடுமோ என்ற பயம்.

அதே சட்டத்தில் ஒரு நல்ல விஷயம், பள்ளி மேலாண்மைக் குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், குழுவில் பாதிப் பேர் பெண்கள். நான் இருந்தபோது அதை நாங்கள் உருப்படியாக நடத்தவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தீர்மானத்தை நானே எழுதி, பிள்ளையை விட வந்த அம்மாவிடம் வாசலில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். 2022ல் எல்லாப் பள்ளியிலும் கூட்டம் கூட்டிக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். கொரோனாவில் வருமானம் போய்ப் பலர் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்திருந்த நேரம். 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவு. அதைச் சமைப்பது மகளிர் குழுப் பெண்கள், அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கிற அம்மாக்கள்.

நூற்றாண்டு விழா அன்று காலையில் சீக்கிரமே போய்விட்டேன். ரவை கிச்சடி, சாம்பார். சமைத்தவர்களில் ஒருவர் எங்கள் 84 வயதுப் பெரியவரின் பேத்தி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டன. தண்ணீரைத் தாங்களே குழாயில் பிடித்துக் குடித்தன. எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு பையன் சாப்பிட்டு முடித்ததும் சட்டை நுனியால் வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "அவங்க ஆயா இங்க சாப்புடக் கூடாதுன்னு சொல்லிருக்கு டீச்சர். இவன் தெனமும் சாப்புடுவான்."

மேடையில் எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். இறங்கி வந்தபோது அந்த அக்கா எதிரே நின்றார். முடி முழுக்க வெள்ளை. பையன் ஐடிஐ முடித்து ஓசூரில் வேலையாம். குழுவில் உறுப்பினராக இருக்கும் தன் மகளை எனக்கு அறிமுகம் செய்தார். நாலு பேர் சேர்ந்து கலெக்டர் வரை போய்ச் சுற்றுச்சுவர் வாங்கியிருக்கிறார்கள். "ஒன்றிய ஆபீஸ்ல இப்பல்லாம் உள்ள கூப்புட்டு ஒக்கார வெக்கிறாங்க டீச்சர்" என்றார் மகள்.

நான் 1995ஐ அந்த அக்காவுக்கு ஞாபகப்படுத்தினேன். "என் பொண்ணு டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சாக்கா. அன்னிக்கு ஒங்ககிட்ட மறைச்சுட்டேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார். "எல்லாரும் தெருவுல அதைத்தான் பேசுனோம். நீங்க ஒங்க புள்ளைக்கு நல்லது பாத்தீங்க. எங்க புள்ளைங்களையும் அடிக்காம சொல்லிக் குடுத்தீங்க. ஆனா நீங்களும் இங்கயே சேத்திருந்தா, அந்தக் கூரை ரெண்டு வருஷம் ஒழுகியிருக்குமா?"

இதற்கும் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும். நல்ல பள்ளி, மோசமான பள்ளி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட வேண்டாம். எந்த வருஷம், எந்தத் தெருவிலிருந்து போனீர்கள், உங்கள் வீட்டில் யார் முதலில் அந்த வாசலைத் தாண்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு வையுங்கள். பதிவேட்டில் நீக்கக் காரணத்துக்கு ஒரு சின்னக் கட்டம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்